ரப்பர் தூளில் தங்கம் தேடியவர்

முனிரத்தினத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கச் சுரங்கத்தில் வாட்ச் அண்டு வார்டு என்கிற காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் மேலே வருகிறவர்களை நிறுத்தி, தலைமுடி, வாய், டிஃபன் கேரியரின் அடித்தட்டு வரைக்கும் துழாவிப் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். வேலைதான் ஓய்ந்தது, கை ஓயவில்லை. கீரைக்காரியின் கூடையைக்கூட ஒருதரம் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் தெருவை விட்டுப் போக விடுவார்.

அவருடைய மகள் புஷ்பவல்லி, ஊரிகம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினாள். தொண்ணூற்றைந்தாம் வருடம். பெங்களூரில் ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய மெஷின்கள். நான் அங்கே அக்கவுண்ட்ஸ் படித்தேன். சொல்லிக்கொடுத்தவள் ஐடா. முனிரத்தினம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யார் வெளியே போனாலும் பையைத் திறந்து காட்டியாக வேண்டும். நாங்கள் முணுமுணுப்போம். ஐடா மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் காட்டிவிட்டுப் போவாள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஐடாவின் அப்பா ஜெபமாலை சுரங்கத்தில் வேலை பார்த்தவர். டிஃபன் கேரியரில் தங்கக் கல்லை வைத்துக் கடத்தும்போது பிடிபட்டு வேலை போனவர் என்று பேச்சு. அன்றைக்குச் சோதனை போட்டது இதே முனிரத்தினம். ஜெபமாலை குடித்தே செத்தார். தங்கத்தில் கை வைத்த வீடு என்று சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் ஒரு பேர் வந்துவிட்டால் லேசில் போகாது. அந்தப் பேரால் ஐடாவுக்கு யாரும் வேலை தரவில்லை; புஷ்பவல்லிதான் துணிந்து கூப்பிட்டாள். இங்கேயும் ஒரு பழி விழுந்தால் அவளை எவனும் வாசலில் சேர்க்க மாட்டான்.

வம்பு ஒரு புது அக்கவுண்ட்ஸ் புரோகிராமில் தொடங்கியது. போட்டால், மெமரி போதவில்லை என்று சொல்லி நின்றுவிடும். மெஷினை ஆன் செய்ததும் இருக்கிற மெமரியைத் திரையில் எண்ணிக் காட்டும் அல்லவா, அதை முனிரத்தினம் தினமும் கண்கொட்டாமல் பார்ப்பவர்.

“நாலு எம்.பி.ன்னு அதுவே எண்ணிக் காட்டுது. அப்புறம் எப்பிடிம்மா பத்தல? மீதி எங்க போச்சி?” என்று ஐடாவிடம் கேட்டார்.

“எங்கியும் போவல அங்கிள். டாஸ்ல புரோகிராம் ஓடுறது முதல் அறுநூத்தி நாப்பது கே.பி.லதான். மவுஸுக்கு, டிஸ்க்குக்குன்னு சின்னச் சின்ன புரோகிராமுங்க அந்த எடத்துல முன்னாடியே வந்து குந்திக்குது. அதுங்கள எழுப்பி மேல அனுப்பிட்டா எடம் கெடைக்கும்.”

“எடம் கீது, ஆனா உள்ள போவ முடியாதா? இன்னா கதை இது?”

எனக்கும் கதை போலத்தான் பட்டது. எது எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் கான்ஃபிக் ஃபைலில் ஐடா ஒரு வரியை மாற்றுவாள், மெஷினை அணைத்துப் போடுவாள், பார்ப்பாள், மறுபடி மாற்றுவாள். ஏதாவது ஒன்று இடம் தவறினால் மெஷின் அப்படியே உறைந்துவிடும். ஒரு வழியாகப் புரோகிராம் திறந்தபோது நாங்கள் கைதட்டினோம். முனிரத்தினம் தட்டவில்லை. புதிதாக எதுவும் வாங்காமல் இடம் வந்தது என்றால், இத்தனை நாள் யாரோ ஒளித்து வைத்திருந்தார்கள் என்றுதானே அவருக்கு அர்த்தம்.

மூன்றாவது மெஷின் மட்டும் மக்கர் செய்தது. எண்ணிக்கை இரண்டு எம்.பி.யோடு நின்றுவிட்டது. ஐடா பெட்டியைத் திறந்து, விரல் நீள மெமரி அட்டைகளைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் அவற்றின் ஓரத்தைத் தேய்த்தாள். அழுக்குப் படிந்திருந்தால் மெஷினுக்கு அட்டை தெரியாதாம். தேய்க்கத் தேய்க்க ஓரம் மஞ்சளாக மின்னியது.

முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அந்த மஞ்சள் அவருக்குத் தெரியாதா?

“இன்னாம்மா சொரண்டுற?”

“அழுக்கு அங்கிள்.”

“அது தங்கம்.”

“முலாம்தான். மேலால லேசா பூசியிருப்பாங்க.”

அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள், அந்த மனுஷனுக்கு அது போதும். மேசையில் கிடந்த ரப்பர் தூளை வழித்து ஒரு காகிதத்தில் மடித்தார். ரப்பரையும் பிடுங்கிக்கொண்டார்.

“மெஷின்ல பாதியக் காணோம், கையில தங்கத்தூளு. ஆசாரிகிட்ட காட்டிட்டு வந்து பேசிக்கிறேன். அப்பன் புத்தி எங்க போவும்?”

புஷ்பவல்லி அவரைப் பார்த்துக் கத்தினாள். மற்ற எல்லாரும் ஐடாவின் கையையே பார்த்தார்கள்.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். வந்தாள். நேராகப் போய் அட்டைகளை மாட்டி மெஷினைப் போட்டாள். எண்ணிக்கை நாலு வரைக்கும் ஓடி முடிந்தது. அவள் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து உட்கார்ந்தபோது முனிரத்தினம் ஆசாரி கடையிலிருந்து வந்து சேர்ந்தார். முகம் செத்திருந்தது.

“ஆசாரி இன்னாப்பா சொன்னாரு?” என்றாள் புஷ்பவல்லி.

“கொளுத்திப் பார்த்தான். ரப்பர் நாத்தம்தான் வந்துச்சி.”

“தங்கம் இல்லல்ல? அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேளுங்க.”

“இன்னாத்துக்கு? கெடைக்கலன்னா எடுக்கலன்னு ஆயிடுமா? இவ அப்பனையும் அன்னிக்கு மூணு தபா சோதிச்சேன். ஒன்னும் கெடைக்கல. உட்டுட்டனா? சந்தேகம்னு எழுதி அனுப்புனேன், வேலைய உட்டுத் தூக்கிட்டாங்க.”

பெருமையாகத்தான் சொன்னார்.

ஐடா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

“எங்கப்பாகிட்ட ஒன்னும் கெடைக்கலையா?”

அவர் மகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“சொல்லுங்க அங்கிள்.”

“கெடைக்கல.”

“எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

“கெடைக்கலம்மா.”

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. “சாவுற வரைக்கும் நான் எடுக்கலம்மா, எடுக்கலம்மான்னு சொல்லிட்டே இருந்தாரு. நான் நம்பல. எங்கம்மாவும் நம்பல” என்றாள். “அம்மா மாரிகுப்பத்துலதான் இருக்காங்க. இப்பவே என்கூட வந்து இத அவங்ககிட்ட சொல்றீங்க.”

முனிரத்தினம் வெயில் அதிகம் என்றார். சாயங்காலம் பார்க்கலாம் என்றார். ஐடா வாசலுக்குப் போய், அவர் செருப்பு மாட்டும்வரை நின்றுகொண்டிருந்தாள்.