இரண்டாவது பறை

இலஞ்சியில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் வட்டமாக நின்று பறை அடிப்போம். தூக்கம் வராமல் தவித்த நான், யாரோ சொன்னதைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். தூக்கமும் வந்தது.

அங்கே ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் வருவார். ஒட்ட வெட்டிய தலைமுடி. சாரலில் நனைந்தாலும் துடைத்துக்கொள்ளாத முகம். ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும் என்பதால் எல்லோரும் ஓலையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவோம். அவர் மட்டும் இரண்டு பறைகளைக் காய்ச்சுவார். ஒன்றை அடிப்பார்; மற்றதைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைப்பார்.

“அது யாருக்கு அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“செத்துப்போன எம் மவனோடது, டீச்சர். எல்லாரும் அடிக்கையில தொட்டுப் பாருங்க.”

மற்றவர்கள் அடிக்கத் தொடங்கியதும் தொட்டேன். யாரும் அடிக்காத அந்தத் தோல் அதிர்ந்துகொண்டிருந்தது. சத்தம் பட்டால் தோல் அதிரும் என்பது வகுப்பில் நானே நடத்துகிற பாடம்தான். ஆனாலும் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

“வீட்டுல ஒத்தையில அடிச்சுப் பாத்தேன். அசைய மாட்டேங்கான். இங்கன எல்லாரும் சேந்து அடிச்சாத்தான் வருதான்.”

இப்போதெல்லாம் கை கடுத்தாலும் பாதியில் நிறுத்த எனக்குத் துணிவில்லை. மற்றவர்களிடமும் அவர் சொல்லியிருக்க வேண்டும். யாராவது களைத்துக் குச்சியைத் தாழ்த்தினால், வட்டம் முழுவதும் அந்த நாற்காலியைத்தான் பார்க்கிறது.