பாவிக்கு என்ன ஆச்சு?

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி, தருமபுரியிலிருந்து மைசூருக்கு வந்தேன். சாமுண்டி மலையடிவாரத்தில் வீடு. கன்னடத்தில் எனக்கு வேண்டாம், போதும் என்ற இரண்டு வார்த்தைதான் வரும். ஆனால் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். ஊரில் குடத்தோடு தெருத்தெருவாக அலைந்தவள் நான். புகுந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்தக் கிணறுதான், அப்புறம்தான் அவர்.

பக்கத்து மனையில் பெங்களூர்க்காரர்கள் வீடு கட்டினார்கள், சனி ஞாயிறு வந்து தங்கிப் போக. போர்வெல் போட்டு, வாசல் முழுக்கப் புல் வளர்த்தார்கள். ஆடுமாடு வாய் வைக்காத அந்தப் புல்லுக்கு, ஆளில்லாத நாளிலும் தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெளிக்கும். அடுத்த கோடையில் எங்கள் கயிறு எட்டவில்லை. இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டினேன். பங்குனியில் வாளி பாறையில் மோதி டங்கென்றது. இப்படியே போனால் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேறாக வந்த வாளியை வைத்துவிட்டு வேலியைப் பார்த்துக் கத்தினேன்.

"அடப்பாவி! பாவி! புல்லுக்கு ஊத்தறியே, நீ நல்லாயிருப்பியா!"

அந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த பெங்களூர் அம்மாள், டம்ளரை வைத்துவிட்டு நேரே எங்கள் கொல்லைக்கு வந்தார். வசமாக மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"பாவிகே ஏனாய்த்து?" என்றார் பதறிப்போய்.

பாவிக்கு என்ன ஆச்சாம்! பாவியே வந்து கேட்கிறாளே என்று அவரையே பார்த்தேன். அவரோ என்னைத் தாண்டிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். சேற்று வாளியைப் பார்த்தார். அப்புறம் தன் வீட்டுப் புல்லைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த கணவர், சிரிப்பு அடங்கிய பிறகு விளக்கினார். கன்னடத்தில் கிணற்றுக்குப் பெயர் பாவி. நான் கிணற்றுக்காக அழுது கூப்பிட்டேன் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். யோசித்தால் அதுவும் பொய்யில்லை.

அன்று மாலையே தெளிப்பது நின்றது. காய்ந்த புல்லைப் பிடுங்கிவிட்டுச் சீத்தாக் கன்றுகள் வைத்தார்கள். கோடை மழையும் கைகொடுக்க, கிணற்றில் மறுபடி என் முகம் தெரிந்தது. அன்றைக்கு ஒரு வாளி அதிகமாகவே இறைத்துக் குளித்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமை வந்து இறங்கியதும் அந்த அம்மாள் வேலியோரம் நின்று கேட்பார். "பாவி ஹேகிதே?" எப்படியிருக்கிறது என்று. எந்தப் பாவியைக் கேட்கிறார் என்ற சந்தேகம் எனக்கு மட்டும்தான் வரும். நன்றாக இருக்கிறது என்று, "சென்னாகிதே" என்பேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.