மலர் அக்கா வைக்காத பூச்சியம்

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயில் மாறும்போது தொலைபேசி வந்தது: "மலரக்கா மோசம் போட்டா." அவர் இறந்த செய்தி கேட்டு முதலில் எனக்கு வந்தது அழுகையல்ல, நிம்மதி. இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதி. சீ, என்ன மனிதன் நான்!

மருந்துகளிலும் உதட்டுப்பூச்சுகளிலும் சக்கரின் என்ற செயற்கை இனிப்பு எவ்வளவு இருக்கிறதென்று அளக்கும் ஆய்வுகூடத்தில் ஏழு வருடம் எனக்கும் அவருக்கும் ஒரே மேசை. புற ஊதா ஒளியைச் செலுத்தினால் சக்கரின் அதில் ஒரு பங்கை விழுங்கும். அதைக் கொண்டு அளவைச் சொல்வோம். மற்றச் சேர்மானங்களும் ஒளியை விழுங்குமாதலால், இனிப்புச் சேர்க்காத அதே மருந்தை முதலில் வைத்துக் கருவியைப் பூச்சியமாக்க வேண்டும். "முதல்ல வெறும் பாணியைக் காட்டு, பிறகு இனிப்பைக் கேள்" என்பார் அக்கா; பாணி என்றால் மருந்துச் சிரப்.

ஒரு காலை அவருடைய ரயில் பிந்தியது. பூச்சியம் வைப்பது அன்று அவர் முறை. பிந்தியது தெரியவேண்டாமென்று நானே வைத்து, பதிவேட்டில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் போட்டேன். எனக்கும் அவர் அப்படிச் செய்ததுண்டு. ஆனால் அவசரத்தில் நான் வைத்தது வெறும் தண்ணீர்.

மற்றச் சேர்மானங்கள் விழுங்கிய ஒளியும் சக்கரின் கணக்கில் ஏற, குழந்தைகளின் இருமல் பாணியொன்றில் சக்கரின் மிஞ்சிவிட்டதாக அறிக்கை போய், பாணி முழுவதும் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. வேறொரு கூடம் மீண்டும் அளந்தபோது பிழை பிடிபட்டது. பொறுப்பாளர் பதிவேட்டை விரித்து "யார் இது?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். "நான்தான்" என்று பிரெஞ்சில் சொன்னார். அந்தக் கிழமையே அவருக்கு வேலை போயிற்று. படியில் மறித்து ஏனென்று கேட்டேன்.

"உனக்கு விசா புதுப்பிக்கக் கிடக்கு. எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. விடு."

பிறகு ரூ லூயி-பிளாங் தெருவில் ஓர் அழகுசாதனக் கடையில் வேலைக்கு நின்றார். நான் அந்தத் தெருப்பக்கமே போகாமல் மார்க்ஸ் டோர்மோய் பக்கத்துக் கடைகளில் சாமான் வாங்கினேன். ஒருநாள் தவறி அந்தப் பக்கம் போனபோது கடை வாசலில் பிடித்துவிட்டார். "இஞ்சை பார், இந்த உதட்டுப்பூச்சுக்குள்ளையும் எங்கட சக்கரின்! சனம் உதட்டை நக்குமெண்டு தெரிஞ்சுதான் போட்டிருக்கிறாங்கள்" என்று சிரித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். "பிறகு வாறன் அக்கா" என்று ஓடிவிட்டேன்.

செத்தவீட்டில் அவருடைய மகள் பிரெஞ்சில் கேட்டாள், அம்மா உண்மையாகவே அந்தப் பிழையை விட்டாரா என்று. "ஞாபகமில்லை" என்றேன்.

அக்காவை அறிந்தவர்களே, அந்தப் பூச்சியத்தை வைத்தது நான். இதைத் தமிழில் எழுதுவதும் ஒருவகை ஒளிப்புத்தான்; மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் ஞாயிறு அவள் வீட்டுக்குப் போய் பிரெஞ்சில் சொல்லப்போகிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பதிவேட்டில் போட்ட அவர் பெயரின் அந்த இரண்டு முதலெழுத்துகள். அவை என் கையெழுத்தில் இருக்கின்றன.