கம்பெனிச் சுவரில் ஓர் ஆணி

கஞ்சிக்கோட்டில் கடன்பட்டு வாங்கிய ஃப்ளாட்டின் ஒடுக்கமான பால்கனியில், பூந்தொட்டி மாட்ட ஆணி அடித்தேன். அந்தச் சத்தம் என்னை மூணாறு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டுக்கே இழுத்துப் போய்விட்டது.

அங்கே சுவர்கூடக் கம்பெனியுடையது. பால்பவுடர் டப்பாவில் அம்மா வளர்த்த பெகோனியாவைத் தொங்கவிட, அப்பா வாசலில் ஆணி அடித்தார். மறுநாளே சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"கம்பெனி சுவத்துல ஆணி அடிக்க யாருட்டலே கேட்ட?"

லயமே வேடிக்கை பார்க்க, அப்பா ஆணியைப் பிடுங்கினார். குளிக்கிற சோப்பைக் குழைத்து ஓட்டையை அடைத்தார். அம்மா செடியைத் தேயிலைக்குள் வீசிவிட்டாள்.

இப்போதும் சத்தம் கேட்டு அம்மா பதறி ஓடிவந்தாள்.

"யாருட்டலே கேட்டு அடிக்க?"

"இது நம்ம வீடும்மா."

"அன்னைக்கு ஆணி அடிக்கையில ஒங்கப்பாவும் இதையேதாம்ல சொன்னாரு," என்று சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள்.