கருநாணல் குதித்த இடம்

ஆல்டோ ஃபெரான்டே இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்கள் பேச வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் காமிக்ஸ் போடும் ஒரு சிறிய கம்பெனியில், படத்தில் இருப்பவர்களின் வாயிலிருந்து கிளம்பும் பலூன்களுக்குள் கையால் எழுத்துப் போடுவது அவர் வேலை. எலும்பு முறியும் சத்தத்தையும் அவர்தான் எழுதுவார். சொந்தமாக நாலு வார்த்தை பேசச் சொன்னால் தடுமாறிப்போவார்.

கருநாணல், அவருடைய தம்பி சில்வியோ உண்டாக்கிய ஆள். எழுபத்துமூன்றில் ஊரெல்லாம் குங்ஃபூ படம் ஓடியது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு சண்டைக்காரனைத் தேடியது. சில்வியோ வரைந்தவன் நல்லவன் இல்லை. கூலிக்குக் கொல்லப் பழக்கும் மடத்தில் வளர்ந்து, பழக்கியவனையே கொன்றுவிட்டு ஓடி வந்தவன். கெட்டவர்களைத்தான் அடிப்பான். ஆனால் போலீசில் ஒப்படைக்க மாட்டான், முடித்துவிடுவான். முடித்த பிறகு ஏதாவது குழாயடியில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருப்பான். அந்தக் கட்டங்களில் பலூன் கிடையாது, ஆல்டோவுக்கும் வேலை கிடையாது. தம்பி ஏன் இப்படிப் பக்கம் பக்கமாகக் கை கழுவ விடுகிறான் என்று தோன்றியதுண்டு. கேட்டதில்லை.

எழுபத்தொன்பதில் விற்பனை படுத்துவிட்டது. நாற்பத்துமூன்றாம் இதழோடு நிறுத்தச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்தில் கருநாணல் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தான். உடலைக் காட்டவில்லை. காமிக்ஸ் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் சாகவில்லை, கூப்பிட்டால் வருவான்.

அந்த அக்டோபரில் சில்வியோ ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் காலைப் படகில் ஏறினான். இறங்கவில்லை. மேல்தட்டு பெஞ்சில் அவன் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. உடல் கிடைக்கவில்லை. ஆல்டோ தொழில் தெரிந்தவர். காத்திருக்க ஆரம்பித்தார்.

ஆறு வருடம் போனது. சில்வியோவின் மனைவி கார்மெலா ஒரு மதியம் கம்பெனிக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளை மணக்க ஒருவர் இரண்டு வருடமாகக் காத்திருந்தார்.

"சில்வியோ செத்துட்டார்னு கோர்ட்டுத் தாள் இல்லாம ஃபாதர் கல்யாணம் பண்ணி வெக்க மாட்டேங்கிறாரு. கூடப்பிறந்தவங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணுமாம். நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க, ஆல்டோ."

"இந்த வாரம் வேலை ஜாஸ்தி."

"போன ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்னீங்க."

"கோட்டு மடிச்சிருந்துச்சு, கார்மெலா. சாகப்போறவன் மடிச்சு வெப்பானா?"

"பத்து வருஷத்துல வீட்டுல ஒரு துணிய மடிச்சதில்ல அந்த மனுஷன். சாகறதுக்குத்தான் மடிச்சிருப்பாரு."

அவள் சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதே வாரம் இதழ் ஆசிரியர் ஐரிஸ் கூப்பிட்டாள். கம்பெனியின் பாத்திரங்கள் எல்லோருடைய வரலாற்றையும் சேர்த்து ஒரு புத்தகம் போடப்போகிறார்கள்.

"கருநாணல் கதை உனக்குத்தான் தலைகீழாத் தெரியும். ஒரு பக்கம் எழுதிக் குடு. கடைசியில 'இப்போதைய நிலை'ன்னு ஒரு வரி வரும். செத்தான்னு போடு, அவன் பேரை வேற ஒருத்தனுக்குக் குடுக்கப்போறாங்க."

"உடம்பைக் காட்டலையே."

"அதான் எழுத்துல சாகடிக்கச் சொல்றேன். படம் வரையிற வேலை மிச்சம்."

மடம், கொலை, ஓட்டம், பழி எல்லாம் தங்குதடையின்றி வந்தன. கடைசி வரியை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தார். ஐரிஸ் மேலே இருந்ததைப் படிக்காமலேயே 'இறந்தவர்' என்று நிரப்பி அச்சுக்கு அனுப்பினாள்.

புத்தகம் வெளிவந்து பத்தே நாளில் கடிதங்கள் குவிந்தன. ஐரிஸ் ஒன்றை உரக்கப் படித்தாள்.

"'கருநாணல் எப்பய்யா படகுல போனான்? பெஞ்சுல கோட்டை மடிச்சு வெச்சுட்டுக் குதிச்சானாம். நாப்பத்துமூணு இதழும் சட்டையே இல்லாமச் சுத்தினவனுக்குக் கோட்டு ஏது?' ஆல்டோ, என்னத்தை எழுதித் தொலைச்சே?"

அப்போதுதான் ஆல்டோவுக்குத் தெரிந்தது. பாலத்தை எழுத வேண்டிய இடத்தில் கை படகை எழுதியிருந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தப்பைக் கண்டுபிடிக்கும் வாசகருக்கு ஒன்றும் கிடையாது. அது தப்பே இல்லை என்று கதைக்குள்ளேயே காரணம் காட்டுபவருக்கு ஒரு பட்டயம் போகும். டொலிடோ நகரத்திலிருந்து டாக்கெட் என்ற பஸ் டிரைவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். பாலத்திலிருந்து குதித்தவன் போலி. உண்மையான கருநாணல் கோட்டு மாட்டிக்கொண்டு படகில் ஏறினான். எல்லோரும் நம்பட்டும் என்று கோட்டை விட்டுவிட்டு, படகில் ஏற்றியிருந்த லாரிகளுக்கு நடுவே புகுந்து இறங்கிப் போனான். ஆகவே உயிரோடு இருக்கிறான்.

"பிரமாதம்," என்றாள் ஐரிஸ். "செத்தவனையும் எழுப்பிட்டான், உன் மானத்தையும் காப்பாத்திட்டான். பட்டயம் அனுப்பிரு."

ஆல்டோ கடிதத்தை மேசைக்கு எடுத்துப்போய் மூன்று முறை படித்தார். கோட்டு, லாரிகள், நடுவே புகுந்து நழுவிப்போவது. ஆறு வருடமாகப் படுக்கையில் புரண்டபடி அவர் நினைத்துவந்ததை, சில்வியோவைப் பார்த்தேயிராத ஒருவர் அப்படியே எழுதியிருந்தார். வேறொருவர் கையெழுத்தில் பார்த்தபோது, அது ஒரு தப்பை மூடி மறைக்கச் சொன்ன கதையாகத்தான் இருந்தது.

வாசகர் பக்கத்துக்கு அவரே பதில் எழுதினார். "திரு. டாக்கெட் அவர்களுக்கு. நீங்கள் சொன்ன காரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டயம் அனுப்ப முடியாது. கருநாணல் படகில் போகவில்லை. படகில் போனது அவனை வரைந்தவன், என் தம்பி. தப்பு என்னுடையது. என் தம்பி இறந்துவிட்டான்."

ஐரிஸ் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதைப் போட்டே ஆகணுமா?"

"போடு."

"அப்ப கருநாணல்?"

"அவன் எங்கயாவது இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை கார்மெலாவோடு கோர்ட்டுக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தாளைத் திருப்பி நீட்டினார்.

"இது அச்சடிச்ச மாதிரி இருக்கே, சார். கையெழுத்துப் போடுங்க."

பழக்கத்தில், பலூனுக்குள் எழுதுவதுபோலப் பெயரைப் பெரிய எழுத்துகளில் வரிசையாக எழுதியிருந்தார். அடித்துவிட்டுக் கீழே மறுபடி எழுதினார். இப்போது கோணல்மாணலாக வந்தது. தாள் நழுவாமல் ஒரு ஓரத்தைப் பிடித்திருந்த கார்மெலா, ஆறு வருடமாகத் தனக்குத் தெரிந்த செய்திக்கு, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். ஆல்டோ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.