முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள்

ஆவடி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவியிடம், "உங்க காலேஜ் எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டேன். பள்ளியை முடிக்கவிருந்த எனக்கு அப்பா ஏற்கெனவே ஒரு பெண்கள் கல்லூரியை முடிவு செய்திருந்தார்.

"நான் சொன்னா இன்னா தெரியும்? வந்து பாரு," என்று அன்றே கூட்டிப்போனாள். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல்.

அங்கே ஆண்கள்தான் அதிகம். மாணவிகள் வராந்தாவில் காத்திருந்து, பேராசிரியர் பின்னாலேயே வகுப்புக்குள் போவார்கள். இவள் மட்டும் முன்னதாகவே போய் முதல் பெஞ்சில் உட்காருவாள். அன்றும் உட்கார்ந்தாள், என்னையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். விசில் பறந்தது.

"யாரும்மா இது?" என்றார் உள்ளே வந்த பேராசிரியர்.

"இங்க சேரலாமான்னு பாக்க வந்துகீது சார். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பொண்ணைப் பாத்துதானே முடிவு பண்றாங்க? பொண்ணு காலேஜைப் பாக்கக் கூடாதா?"

அவர் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். எனக்கு எழுந்துபோக மனம் வரவில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது, "நானே ஒரு காலேஜைப் பார்த்துட்டேன்ப்பா. அங்கேதான் சேருவேன்," என்றேன். அப்பா பாதியில் எழுந்துபோனார். நான் சாப்பிட்டு முடித்தேன். கடைசியில் அவரே கூட்டிப்போய்ச் சேர்த்தார்.

அதற்குள் அவள் படிப்பை முடித்துவிட்டுப் போயிருந்தாள். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அத்தனை விசிலுக்கு நடுவிலும் அவளுக்குப் பயமே இல்லையா, இருந்தும் காட்டிக்கொள்ளவில்லையா என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.