ரெண்டாம் பாகம் வீட்டில் இருக்கிறது

கந்தர்வக்கோட்டைச் சந்தையில் முருங்கைக்காய்க் கடைக்கும் பிளாஸ்டிக் குடக் கடைக்கும் நடுவே தார்ப்பாய் விரித்துப் பழைய காமிக்ஸ் விற்கிறவர் என் மச்சான். அக்கா வீட்டுக்காரர். முதல் தடவை அந்தப் பக்கம் வருகிறவர்கள் அதைப் பஞ்சாங்கக் கடை என்று நினைத்துக் குனிந்து பார்ப்பார்கள். குதிரை மேல் துப்பாக்கியோடு ஒருத்தன் பாய்ந்து வருவதைக் கண்டதும் நிமிர்ந்துவிடுவார்கள். நிமிராமல் இன்னும் கொஞ்சம் குனிகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கை.

"எங்கள்" என்று நான் சொல்வதை அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். "நீ எம்.எஸ்சி. முடிச்சுட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவ. அது அவரு கடை," என்பாள். ஆனால் புத்தகத்தை விரித்து உட்கார்ந்த நேரத்தைவிட, மச்சானின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தகரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போன நேரம்தான் எனக்கு அதிகம். ஒரு நாள் கந்தர்வக்கோட்டை, ஒரு நாள் குளத்தூர், ஒரு நாள் வல்லத்திராக்கோட்டை. ஒரே இடத்தில் உட்கார்ந்து கூட்டுவட்டி போடுகிற பொறுமை எனக்கு எந்த வயசிலும் இருந்ததில்லை.

மச்சான் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது அவர் மகளுக்குப் பேச்சு நன்றாக வந்துவிட்டது. அப்பாவைப் போனில் மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளை. வந்த புதிதில் அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அப்பாவக் காட்டு" என்று போனைக் கேட்டு அழுவாள். அதைப் பார்த்த நாளிலிருந்து அக்கா சிரித்துக்கொண்டே ஒரு மாதிரி ஆகிவிட்டாள். மச்சானும் திரும்பிப் போகும் பேச்சை எடுக்கவில்லை. வெயில் காலத்தில் புதுக்கோட்டை டவுனில் ஏ.சி. ரிப்பேர், மற்ற நாளில் சந்தை என்று ஓட்டினார்.

அவர் வியாபாரத்தில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பெரிய கதைகள் இரண்டு புத்தகமாக வந்திருக்கும். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் குதிரைக்காரன் பாறை விளிம்பில் ஒரு கையால் தொங்குவான். ரெண்டாம் பாகத்தை மச்சான் அன்றைக்குக் கொடுக்கவே மாட்டார். கொடுக்காதது மட்டுமில்லை, சந்தைக்கே கொண்டுவர மாட்டார். கையில் இருந்தால் மனசு இளகிவிடும் என்று ரெண்டாம் பாகங்களையெல்லாம் வீட்டு அலமாரியிலேயே வைத்திருப்பார்; முந்தின வாரம் வாங்கினவர்களுக்கு உரியதை மட்டும் கேட்டபடி எடுத்து வருவார். "ரெண்டையும் வாங்குன ஆளு அப்படியே போயிருவான். ஒண்ண வாங்குனவன் நம்மளத் தேடி வருவான்," என்பது அவர் கணக்கு.

முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகும் ஒரு அம்மா வாராவாரம் வருவார். விரலெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்திருக்கும். குதிரைக்காரன் கதை என்றால் உயிர்.

"தம்பி, அவன் பொழைச்சானா இல்லையா, அத மட்டும் சொல்லிருங்க."

"அடுத்த வாரம் வாங்கக்கா."

"தூக்கம் வராதுங்க எனக்கு. நீங்க நல்லா இருப்பீங்களா?"

"அடுத்த வாரம் வரைக்கும் நல்லா இருப்பேன்க்கா."

திட்டிக்கொண்டே போவார். அடுத்த வாரம் எங்களுக்கு முன்னாலேயே வந்து அந்த இடத்தில் நிற்பார்.

சென்னையில் பெரிய ரசிகர் விழா நடக்கிறது, காமிக்ஸ் வியாபாரிகள் அங்கே கடை போடலாம் என்று மச்சானுக்குச் சொல்லி இழுத்துப் போனவள் நான்தான். முதல் வருஷம் அது விழா மாதிரியே இல்லை, ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாதிரி இருந்தது. வாசகர்கள் பை கொண்டுவந்தார்கள். உட்கார்ந்து படிக்க நாற்காலி போட்டிருந்தார்கள். தன்னிடம் இல்லாத ஒரு புத்தகம் எங்கள் பெட்டியில் இருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் சத்தமாகவே விசிலடித்தார். ரெண்டாம் வருஷம் மண்டபம் பெரிதானது, நாற்காலி காணாமல் போனது. மூன்றாம் வருஷத்துக்குள், முன்பு மச்சானைத் துபாய்க்கு அனுப்பிய ஏஜென்ட் மறுபடி வேலைக்கு வரச்சொல்லித் தினமும் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் அக்கா பேசி முடித்தாள். "இந்த வருஷ விழாவுல வியாபாரம் தேறுச்சுன்னா இங்கயே இருங்க. தேறலன்னா அந்த ஏஜென்டுக்கு ஒரு பதிலச் சொல்லிருங்க. நடுவுல நிக்க என்னால முடியாது." மச்சான் சரி என்றார். அவள் அதைச் சொல்லும்போது சாம்பார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சட்டியில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

மூன்று பேரும் சேர்ந்துதான் பெட்டி கட்டினோம். பூச்சி வராமல் இருக்க வசம்பு முடிச்சு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் பாலித்தீன் உறை, என் போன் நம்பர் போட்ட புது பேனர். மகளை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு மெட்ராஸ் போய் இறங்கினோம். இந்தத் தடவை அக்காவும் வந்தாள். முடிவை நேரில் பார்க்க வேண்டுமாம்.

எங்களுக்குக் கொடுத்திருந்த இடம் மண்டபத்தின் கோடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதடி. இங்கிட்டு எல்லாரும் ஒரு தடவையாச்சும் வந்துதானே ஆகணும்," என்றாள்.

வந்தார்கள். காமிக்ஸ் ஆட்களைப் போல வேஷம் கட்டி, அங்கி போட்டவர்கள், முகமூடி மாட்டியவர்கள், தெர்மாகோல் வாளைத் தூக்கியவர்கள். மேடையில் ஒருவர் விடாமல் "சத்தம் பத்தலை, சத்தம் பத்தலை" என்று கத்திக்கொண்டிருந்தார். முன்னால் நல்ல இடங்களில் எல்லாம் குவளை, சட்டை, பொம்மை. ஒரு பையன் எங்கள் மேஜைக்கு வந்து ரொம்ப மரியாதையாக, "அண்ணா, கீசெயின் இருக்கா?" என்று கேட்டான். இன்னொருவன் மச்சான் பொக்கிஷமாக வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கன்னத்தோடு சேர்த்து வைத்துப் போட்டோ எடுத்தான். "செம விண்டேஜ்ணா," என்று சொல்லி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

"படிச்சுப் பாக்கலையா தம்பி?" என்றாள் அக்கா.

"போட்டோ எடுத்துட்டேன்க்கா," என்றான், அதே காரியம்தான் என்பதுபோல.

எங்களுக்கு எதிரே மதுரைக்காரர் ஒருவரும் ஈரோட்டுக்காரர் ஒருவரும் கடை போட்டிருந்தார்கள். முதல் வருஷத்திலிருந்தே பழக்கம். மத்தியானம் டீ வாங்கிக்கொண்டு அவர்களிடம் போய், "வியாபாரம் எப்படிண்ணே?" என்றேன்.

"பரவாயில்ல பாப்பா. நான் இவருகிட்ட வாங்குறேன், இவரு என்கிட்ட வாங்குறாரு," என்றார் மதுரைக்காரர். "சாயங்காலம் ரெண்டு பேரும் பெட்டிய மாத்தித் தூக்கிட்டுப் போயிட்டா கணக்கு முடிஞ்சது."

ஈரோட்டுக்காரர் டீயை ஊதினார். "முன்ன பொஸ்தகத்துக்காக விழா வச்சாங்க. இப்ப விழாவுக்காகப் பொஸ்தகம் வச்சிருக்காங்க, வாழமரம் கட்டுற மாதிரி. அடுத்த வருஷம் நான் வரலீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் மச்சான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து பேனரின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். துபாய் அந்த நேரம் எனக்கு ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது.

அப்போதுதான் அட்டைச் சிறகு கட்டிய ஒரு பெண் வந்தாள். கல்லூரி வயசு. சிறகு இருந்ததால் நாற்காலியில் சாயவும் முடியவில்லை, கூட்டத்தில் நிற்கவும் முடியவில்லை. அக்கா மேஜைக்குப் பக்கத்தில் விரித்திருந்த தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தட்டிக் காட்டி, "இங்கிட்டு உக்காரும்மா, காலு வலிக்கப் போகுது," என்றாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்க முடியாமல் ஒரு குதிரைக்காரன் கதையை எடுத்தாள். உறையைப் பிரித்தாள். பக்கம் புரட்டினாள். அப்புறம் அவள் தோழிகள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அவர்களும் சலித்துப்போய் உட்கார்ந்து ஆளுக்கொன்றாய் எடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் மேஜையில் யாரோ முதல் தடவையாகப் படிக்கிறார்கள்!

சிறகுக்காரி கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். "அண்ணா, கையை விட்டுட்டான்! ரெண்டாம் பாகம் எங்க?"

"அடுத்த வாரம் வாங்கம்மா," என்றார் மச்சான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் பெட்டியைக் கவிழ்த்தேன். இன்னொரு பெட்டியைக் கவிழ்த்தேன். எல்லாம் முதல் பாகம். துப்பறியும் கதையா, முதல் பாகம். பேய்க் கதையா, முதல் பாகம். மூன்று பேர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, உறை போட்டு, சந்தைக்குக் கட்டுகிற மாதிரியே கட்டி மெட்ராஸுக்குத் தூக்கி வந்திருக்கிறோம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"ரெண்டாம் பாகம் வீட்டுல இருக்கும்மா," என்றார் மச்சான் சின்னக் குரலில்.

"வீடு எங்கண்ணா?"

"கந்தர்வக்கோட்டை."

அக்காதான் முதலில் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. எதிரே மதுரைக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் அவர் டீயைக் கொட்டிக்கொண்டார்.

"அப்ப கதையைச் சொல்லுங்க," என்றாள் சிறகுக்காரி. "சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

மச்சான் கூச்சப்பட்டார். அப்புறம் தகரப் பெட்டியை மடியில் வைத்து விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்தார். குதிரை வந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் பாறை மேல் ஓடுகிற வேகத்தில். வில்லனுக்கு எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் ஒருத்தரின் குரல். கழிப்பறைக்குப் போகிற கூட்டம் நின்றது. வாள் வைத்திருந்தவன் வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டான். முகமூடிக்காரன் காது கேட்கவில்லை என்று முகமூடியைக் கழற்றினான். உள்ளே அவ்வளவு சின்னப் பையன் ஒருவன் இருந்தான். மேடையில் இன்னும் சத்தம் பத்தவில்லை என்றே கத்திக்கொண்டிருந்தார்கள்; எங்கள் பக்கம் யாரும் மூச்சு விடவில்லை.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு வாலண்டியர் வந்தான். "சார், பர்மிஷன் இல்லாம ஷோ பண்ணக் கூடாது."

"ஷோ இல்ல தம்பி. மிச்சக் கதை."

"பாத்ரூம் போற வழி மறைக்குது சார்."

"போறவங்கதான் தம்பி நின்னு கேக்குறாங்க," என்றாள் அக்கா. "அவ்வளவு அவசரம் இல்ல போலருக்கு."

அவன் சிரித்துவிட்டான், பாவம். ஆனால் அவனுக்கு மேலே ஒருவர் வந்தார். அவர் சிரிக்கவில்லை. நிகழ்ச்சி நடத்துவதென்றால் அதற்குத் தனிக் கட்டணம், அடுத்த வருஷம் முன்கூட்டியே பதிய வேண்டும் என்றார். மச்சான் தட்டுவதை நிறுத்தினார். குதிரைக்காரன் பாதாளத்தில் ஒரு கிளையைப் பிடித்த இடத்தோடு நின்றது. "அநியாயம்ணா!" என்று கூட்டம் கத்தியது. கலைந்தது. போகும்போது சிலர் முதல் பாகம் வாங்கிக்கொண்டு பேனரைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மற்றபடி வந்த பெட்டிகள் கிட்டத்தட்ட வந்த கனத்திலேயே திரும்பின.

திருச்சிக்கு வருகிற பகல் ரயிலில் மச்சான் கேட்டார், "ஏஜென்டுக்குச் சொல்லிரவா?" அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்றாள். நான் எதிர் சீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். விழாவுக்கு வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சிறகை வெட்டி ஒட்ட எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள் அவள்! பிரியம் இல்லாமல் யார் அதைச் செய்வார்கள்? ஆனால் அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து ஒரு கதையைப் படிக்க ஒரு முழ இடம் வைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. எல்லாவற்றையும் விற்கிற இடத்தில் நாங்கள் விற்கிற சாமானைப் பிரித்துப் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போனை எடுத்தால் வரிசையாகக் குரல் செய்தி. "அக்கா, நான்தான் அந்தச் சிறகு. கிளை முறிஞ்சுதா? ரெண்டாம் பாகம் தபால்ல அனுப்புவீங்களா?" வாள்காரன் கேட்டிருந்தான். முகமூடிப் பையனின் அம்மா கேட்டிருந்தார். அன்றைக்கே உறை வாங்கி, பசை வாங்கி, முகவரி எழுதி, தபாலாபீசுக்கு ஓடினேன். புத்தகம் போய்ச் சேர்ந்த மறுநாளே அவர்கள் வேறு கதை கேட்டார்கள். அவர்களுடைய கூட்டாளிகளும் கேட்டார்கள்.

"மச்சான், இவங்களுக்கு ரெண்டு பாகத்தையும் ஒண்ணா அனுப்பிருவோம். தபால் செலவு மிச்சம்," என்றேன்.

"அதெல்லாம் கிடையாது. சந்தைக்கு ஒரு சட்டம், மெட்ராஸுக்கு ஒரு சட்டமா?"

அவர் தரையில் உட்கார்ந்து உறை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஏஜென்டின் போன் வந்தது. மூன்று பேருமே அதைப் பார்த்தோம். அது அடித்துக்கொண்டே இருந்தது.

மச்சான் பசைக் கையை வேட்டியில் துடைத்தார். "நம்ம பேச்சுப்படி பாத்தா..."

"நம்ம பேச்சு விழாவப் பத்தி," என்றாள் அக்கா. "விழா தேறல. இனிமே அங்கிட்டுப் போக வேண்டாம். வியாபாரத்தப் பத்தி நான் எதுவும் சொல்லலையே."

"வருமானம் அந்த அளவுக்கு வராதும்மா."

"தெரியும். எடுத்து வரலன்னு சொல்லுங்க. அடிச்சுக்கிட்டே இருக்கு."

எடுத்தார். "அண்ணே, நான் வரலண்ணே. இல்லண்ணே, சம்பளம் பத்தாம இல்ல..." என்று வாசல் பக்கம் போனார். அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அவருடைய பெரிய சக்கரப் பெட்டியை இறக்கினாள். கைப்பிடியில் விமானத்தில் கட்டிய காகித வளையம் இன்னும் இருந்தது. பல்லால் கடித்து இழுத்து அதைப் பிய்த்துப் போட்டாள்.

மச்சான் உள்ளே வந்தார். "என்ன இது?"

"தகரப் பெட்டி துரு ஏறிப்போச்சு. பொஸ்தகமெல்லாம் கறை. இனிமே இதுல வைங்க."

"சந்தை மண்ணுல சக்கரம் உருளாதும்மா."

"துபாய் வரைக்கும் உருண்டது குளத்தூர் வரைக்கும் உருளாதா?"

"அங்க தரை வழுவழுன்னு இருக்கும்."

"அப்ப தூக்கிட்டுப் போங்க."

மறுநாள் அதைக் குளத்தூர்ச் சந்தைக்கு வண்டியில் வைத்துக் கட்டினார்கள். பின் சீட்டு முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. என்னைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு மச்சான் கிளம்பிவிட்டார்.